பின்பக்கத் தகரம்

அண்ணி,

இன்று மத்தியானம் கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் பின்னால் யாரோ கார் கொட்டகைக்குத் தகரம் வெட்டினார்கள். கத்திரி தகரத்தைக் கடிக்கும் அந்தக் கிரீச்சென்ற சத்தம் கேட்டதுமே, அடுப்பிலிருந்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன். நல்ல வெயில். ஒரு மேகம்கூட இல்லை. ஆனாலும் கொடியில் கிடந்த துணிகளை எல்லாம் வாரி உள்ளே போட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். சாப்பிட வந்த வீட்டுக்காரர், "வெயில் இந்தக் காய் காயுது, எதுக்குக் கதவைச் சாத்தி வெச்சிருக்க?" என்றார். அவருக்கு எதிலிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களுக்கென்றால் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. நீங்கள்தான் இல்லையே. அதனால் எழுதுகிறேன்.

கிள்ளானில் ஆற்றங்கரைப் பக்கம் இருந்த நம் வீட்டில் அப்போது நாம் மூன்று பேர். அண்ணன், அவருக்கு வாக்கப்பட்டு வந்த நீங்கள், கல்யாணம் ஆகாத நான். பிறகு செல்வி பிறந்தாள். அண்ணன் ஓட்டிய வாடகைக் கார்தான் நமக்குச் சோறு போட்டது. அது நின்ற கொட்டகைக்குக் கூரையும் தூண்களும் மட்டுமே இருந்தன. சாய்ந்தடிக்கும் மழையில் காரின் துணிக்கூரையும் சீட்டும் நனைந்து, ஏறுகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சுளிப்பார்கள். "சுத்தித் தகரம் அடிச்சிடலாம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இடித்துப் போட்ட ஒரு கிடங்கிலிருந்து அண்ணன் பழைய நெளித்தகரங்களை வாங்கி வந்தார். முதல் தகரத்தை வெட்டும்போதே பெருவிரலைக் கிழித்துக்கொண்டார்.

"குடுங்க இங்க. உங்க கைக்கு ஸ்டீரிங்தான் லாயக்கு" என்று கத்திரியை வாங்கிக்கொண்டீர்கள்.

அப்புறம் அது நம் இருவர் வேலையாகிவிட்டது. கரித்துண்டால் நான் கோடு போடுவேன். பழைய சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு நீங்கள் வெட்டுவீர்கள். ஒரு தகரத்தின் நெளிமேல் அடுத்ததின் நெளியை ஏற்றி நான் அழுத்திப் பிடிக்க, நீங்கள் ஆணி அடிப்பீர்கள். மழைத் தண்ணீர் ஆணி வழியே இறங்காமலிருக்கப் பிய்ந்த செருப்புத் தோலை வட்டமாக வெட்டி அடியில் கொடுப்பீர்கள். அடித்த தகரத்தை ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் மட்டும் தகரத்தின் ஓரம் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்தே எனக்கு எதைக் கண்டாலும் பயம்தான். ஆற்றைக் கண்டால் பயம், இடியைக் கேட்டால் பயம். உங்களுக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு பக்கமும் பின்பக்கமும் முடிந்துவிட்டன. ஆற்றைப் பார்த்த முன்பக்கத்தில் கார் நுழைய வழி விட்டு, ஓரத்தில் ஒரு தகரம்தான் பாக்கி. அண்ணன் சவாரியோடு கோலாலம்பூருக்குப் போயிருந்தார். கொட்டகை காலியாக இருந்ததால் உள்ளே உத்தரத்தில் தூளி கட்டிச் செல்வியைத் தூங்கப் போட்டிருந்தீர்கள். கடைசித் தகரத்தின் மேல்பக்கம் ஆணி அடித்தாயிற்று. கீழ்ப்பக்கம் அடிப்பதற்குள் பக்கத்து வீட்டு மலாய்க்காரக் கிழவி, நாம் மக்சிக் என்று கூப்பிடுவோமே, அவர் வேலியோரம் ஓடி வந்து "ஆஙின்! ஆஙின் பெசார்!" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துச் சுவர்போல் நின்றது. பெருங்காற்று வரப்போகிறது.

"ராசு, முத்தத்துல கெடக்கிற தகரத்து மேல கல்லை வை! பறந்தா ஆளைச் சீவிடும்!" என்று என்னிடம் கத்தினீர்கள். இருவரும் ஓடினோம். நான்கைந்து கல் தூக்கி வைப்பதற்குள் காற்றும் மழையும் வந்துவிட்டன. நமக்குப் பின்னால் படார் என்று ஒரு சத்தம்.

கடைசித் தகரம் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு ஒற்றை ஆணியில் தொங்கியது. ஒவ்வொரு வீச்சுக்கும் கொட்டகை வாசலின் குறுக்கே அரிவாள்போல் போய்ப் போய் வந்தது. உள்ளே செல்வி வீறிட்டு அழுதாள். காற்று முன்பக்கமாகப் புகுந்து, போக வழியில்லாமல் சுவர்களை உப்பவைத்தது. கூரை எழும்பி எழும்பி உட்கார்ந்தது. நான் கையிலிருந்த கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

நீங்கள் ஓடவில்லை, அண்ணி. வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்று, தகரம் எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று பார்த்தீர்கள். பிறகு சேற்றில் குப்புறப் படுத்து ஊர்ந்தீர்கள். பாதி உடம்பு உள்ளே போனபோது தகரம் திரும்பி வந்தது. உங்கள் முதுகில் ரவிக்கை கிழிந்து சிவப்பாகக் கோடு விழுந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன். "அண்ணி!"

"பின்னால போ!" என்று உள்ளிருந்து கத்தினீர்கள். "பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்துடு! கூரை போயிரும், ராசு, சீக்கிரம்!"

நாமே அடித்த தகரம். அசையாது என்று நீங்கள் ஆட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட தகரம். கடப்பாரையை அதன் அடியில் கொடுத்து என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். ஓர் ஆணி கழன்றது. அடுத்தது வரவில்லை. "மாரியாத்தா, மாரியாத்தா" என்று புலம்பிக்கொண்டே மறுபடி தொங்கினேன். உள்ளிருந்து நீங்கள் காலால் உதைத்தது தெரிந்தது. தகரத்தின் கீழ்ப்பாதி மடங்கி, அந்த இடுக்கு வழியாகக் காற்று என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அதே இடுக்கு வழியாகத் துணியில் சுற்றிய செல்வியை நீங்கள் நீட்டினீர்கள். வேலி தாண்டி ஓடி வந்த மக்சிக் அவளை வாங்கித் தன் தோள்துணிக்குள் மறைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே நீங்கள் தவழ்ந்து வந்தீர்கள்.

காற்றுக்கு வழி கிடைத்த பிறகு கொட்டகை நின்றுவிட்டது. தொங்கிய தகரம் மட்டும் பிய்த்துக்கொண்டு ஆற்றுக்குள் போய் விழுந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்பக்கத்தை யாரு பிய்ச்சது?" என்றார்.

"நாங்கதான். மறுபடியும் நாங்களே அடிச்சுக்குவோம். நீங்க கை கால் கழுவிட்டு வாங்க" என்றீர்கள், ஒன்றுமே நடக்காதது மாதிரி. உங்கள் முதுகைக் கண்ட பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அப்படியே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அதற்குப் பிறகுதான் பெரிய பயம். துருப்பிடித்த தகரம் கிழித்தால் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து ஆள் போய்விடுவார் என்று ரப்பர் தோட்டத்துச் சனங்கள் சொல்லக் கேட்டிருந்தேன். நீங்கள் சோறு உண்ணும்போது உங்கள் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் எழுந்ததும் ஏதாவது கேட்டு உங்களைப் பேச வைப்பேன். "என்னடி இது, விடிஞ்சதும் விடியாததுமா பருப்பு இருக்கான்னு கேக்குற?" என்பீர்கள். வாய் திறந்ததே என்று நிம்மதியாகப் போவேன். புண் ஆறித் தோல் மூடிய பிறகும் வெகுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாம் பின்பக்கத் தகரத்தை மறுபடி அடித்த அன்றுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "அன்னைக்கு மக்சிக் வீட்டுக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தேன் ராசு. இடுப்புக்குக் கீழ காலே இல்லாத மாதிரி இருந்திச்சு. சேத்துல படுத்தது ரோசனை பண்ணி இல்ல. நிக்க முடியல, அதான் படுத்தேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத, கேலி பண்ணுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சிரிக்கும்போதும் என் மணிக்கட்டை விடவில்லை.

நான் சொல்லவில்லை. காய்ச்சலில் நீங்கள் போன அன்று சாவு வீட்டில் எல்லாரும், "பயம்னா என்னன்னே தெரியாத பொம்பள" என்று சொல்லி அழுதார்கள். அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

செல்வி இப்போது என்னிடம்தான் இருக்கிறாள். நேற்று விளக்கு வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, அம்மாவுக்குப் பயமே கிடையாதாமே. எனக்கு எல்லாத்துக்கும் பயமா இருக்கு. இருட்டுன்னா பயம், ஸ்கூல்ல எழுந்து பேசுன்னா பயம். நான் அவங்க மாதிரி இல்ல, இல்லையா?" என்று கேட்டாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன், அண்ணி. வாந்தி எடுத்தது, கால் இல்லாத மாதிரி இருந்தது, நிற்க முடியாமல் சேற்றில் படுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். "நெசமாவா? அம்மாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, நீங்கள் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் அழுதாள்.

நாளைக் காலை ரயிலில், அண்ணனைப் பார்க்க அவளைக் கிள்ளானுக்கு அழைத்துப் போகிறேன். நீங்கள் இல்லாத அந்த வீட்டுக்குள் போக அவளுக்குப் பயம். எனக்கு அவளைவிட அதிகம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போவோம்.