தை மாதத்து நிழல்

என் தங்கத்துக்கு,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. சொல்ல வேண்டியவை மூன்று. வரிசை போடாமல் எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும்.

1. நம் பேத்தி மீனா வெயிலில் மயங்கி விழுந்தது.
2. அதற்கு என் நோட்டுப்புத்தகம் காரணமானது.
3. அதிலிருந்து நம் மகள் சாந்தா என்மேல் கோபமாயிருப்பது.

வைகாசியில் சாந்தா மன்னார்புரத்திலிருந்து வந்திருந்தாள். துணிக்கடைக்குள் போகும்போது மீனாவை என்னிடம் விட்டாள். உச்சி வேளை. தெற்குச் சித்திரை வீதியில், தென்புற வீடுகளின் ஓரமாகக் குழந்தையை நிறுத்தினேன். தை மாதம் முழுவதும் வீதியில் நிழலை அளந்து, அந்த நேரத்துக்கு அங்கேதான் நிழல் என்று நோட்டுப்புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன்.

"தாத்தா, காலு சுடுது."

"இரு கண்ணு, இப்ப நிழல் வந்துடும்."

வரவில்லை. எதிரே பூ விற்கிற அம்மாள்தான் ஓடி வந்தாள். "என்ன வாத்தியாரய்யா, பச்சப் புள்ளைய வடாம் மாதிரி காய வச்சிருக்கீங்க?"

"இங்கே நிழல் இருக்கணும்மா."

"இருக்கணுமா? அதுக்குக் கடுதாசி போட்டீங்களா?"

அதற்குள் மீனா சரிந்துவிட்டாள். அந்த அம்மாள் அவளைத் தூக்கிப்போய்த் தன் கீற்றுக்கடியில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை கண் திறந்தது.

முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். வைகாசியில் நம் ஊருக்கு உச்சிச் சூரியன் வடக்கே இருக்கும், நிழல் எதிர்ச்சாரிக்குப் போய்விடும் என்று எத்தனை முறை பலகையில் வரைந்திருப்பேன்! நீயாக இருந்தால் பத்து மணிக்குமேல் குழந்தையை வெளியே விட்டிருப்பாயா? தலையில் துணி போடாமல், தண்ணீர் எடுக்காமல் கிளம்பியிருப்பாயா?

சாந்தா அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதன்பிறகு குழந்தையைக் கூட்டி வரவே இல்லை. ஐப்பசி வந்துவிட்டது. ஏனென்று கேட்க எனக்குத் தைரியமில்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை, தங்கம்.

இதுவரை காலையில் எழுதியது. மத்தியானம் சாந்தா தனியாக வந்தாள். கேட்டேவிட்டேன்.

"என்மேல கோபமாம்மா?"

"என்னப்பா இது! 'வெயில் தணியட்டும், குழந்தையைக் கூட்டிட்டு வராதே'ன்னு நீங்கதானே சொன்னீங்க? மழையே வந்துடுச்சு. தாத்தா எப்பக் கூப்பிடுவாங்கன்னு அவ தினம் கேக்கறா."

ஆமாம், சொன்னேன். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகச் சொன்னேன். அதை மறந்துவிட்டு ஐந்து மாதம் அவள்மேல் பழி போட்டிருக்கிறேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் நானே மீனாவை அழைத்து வருவேன். குடையும் தண்ணீரும் கையில் இருக்கும். இது உனக்குச் சத்தியம்.

மூன்றாவதாக எழுதியது தவறு. அடித்துவிட்டேன்.

உன் கணவன்,
மீனாவின் தாத்தா