அயர்லாந்துக்காரனின் தமிழ்க் குரல்

ஆடி 5, திங்கள்

தொரே, காலையிலேயே சுடுகிற வெயில். லாட்ஜில் ஒன்பது ரூம். போர்வை, உறை எல்லாம் மாற்றியாயிற்று. இடுப்பு வலி.

நீ போய் ஏழு மாதம். நகரி வீட்டைக் காலி பண்ணித் திருப்பதிக்கு வந்து ஐந்து.

மெட்ராஸ்காரர்கள் விட்டுப்போன ரூமில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதில் நம் அயர்லாந்துக்காரன், நீ தமிழில் குரல் கொடுத்த நடிகன். தாடி, கறுப்புக் கோட்டு. வாயைத் திறந்தால் நீ.

"கதவைப் பூட்டாதே. எவ்வளவு நேரமானாலும் நான் வந்துடுவேன்."

தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

சூப்பர்வைசர் வந்தான். தெலுங்கு ஆள். "ஏம்மா, வேலைக்கி வந்தியா, சினிமாக்கி வந்தியா?"

"எங்க வூட்டுக்காரு பேசறாரு சார்."

திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அவரா உன் மொகுடு? அப்ப நீ எதுக்கம்மா பாத்ரூம் கழுவற?"

சிரித்துக்கொண்டே அணைத்தான். நீ பாதிப் பேச்சில் இருந்தாய்.

ஆடி 6, செவ்வாய்

மேகம். மழை இல்லை. சோறு ஆக்கவில்லை. டீ, பன்.

வாங்க: சோப்பு, தைலம், கொசுவத்தி.

முதல் தடவை டப்பிங் பேசிவிட்டு வந்த அன்று அவனை வெள்ளைக்காரன் என்றேன். உனக்குக் கோபம். "அப்பிடி சொல்லாதடி. இங்கிலீஷ்காரன் அவங்க ஊரையும் ஆண்டுகினு இருந்தவன். அவன் நம்மாளு." அன்றிலிருந்துதான் உன்னைத் தொரே என்று கேலி. அதுவே பேராகிவிட்டது.

கதவைப் பூட்டாதே என்று நீ சொன்னது எவளோ ஒரு படத்துக்காரிக்கு. எனக்குக் கடைசியாகச் சொன்னது, "வெந்நி வெச்சியா?" அப்புறம் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், வாய் கோணி. ஒரு சொல் வரவில்லை. கண் மட்டும் என் மேலேயே.

ஆடி 8, வியாழன்

உன் தங்கச்சி மகள் ரேவதி சித்தூரிலிருந்து வந்தாள். காலேஜ் லீவு. இளைத்துவிட்டாள்.

அந்தப் படத்தைப் போனில் எடுத்துக் கொடு என்றேன். ரொம்ப நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. "ஆனா அத்தே, அந்த ஆளே ஒக்காந்துகினு பேசறான் பாரு. அவன் வாழ்க்கை, நடிப்பு, எல்லாம்."

இங்கிலீஷ். குரல் கிழட்டு ஆடு கத்துகிற மாதிரி.

"ஐயே, இது அவன் கொரலு இல்லடி."

"இதான் அத்தே அவன் கொரலு. அது மாமா கொரலு."

சிரித்துக்கொண்டே சொன்னவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

போனை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவராம். மகன் உருப்படமாட்டான் என்று நினைத்துக்கொண்டே செத்தாராம். அம்மா செத்தபோது இவன் வேறு தேசத்தில் ராஜா வேஷத்தில் இருந்தானாம். போகவில்லை. அத்தனை வேஷம் போட்டும் அதில் ஒன்றும் தன்னோடு வீட்டுக்கு வரவில்லை என்றானாம்.

அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கேட்பதற்கு எதிரே ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். உன் பேர் படத்தில்கூட வராது.

கடைசியில் அந்த நாற்காலிக்காரன் கேட்டான், ரொம்ப சந்தோஷமாக இருந்த நாள் எது என்று. அயர்லாந்துக்காரன், மழையால் ஷூட்டிங் நின்றுபோன ஒரு நாள், பெண்டாட்டியோடு காரிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றது என்றான். அவள் இப்போது இல்லையாம். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரேவதி போனை வாங்கி வைத்தாள். "போதும் அத்தே. துன்ன வா, தோசை ஆறிப் போவுது."

தோசையை மூடி வைத்தேன்.

ஆடி 9, வெள்ளி

தூறல். வேலைக்குப் போகவில்லை. ரேவதி பஸ் ஏறிவிட்டாள்.

இருபத்தாறு வருஷம். விடியற்காலை மெட்ராஸ் ரயிலுக்கு டப்பா கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் நீ வந்தால் நான் கேட்டது: துன்னியா, ரயில் லேட்டா, தொண்டை வலிக்குதா. அதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. எவனோ எவனையோ கேட்டதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நீ ரொம்ப சந்தோஷமாக இருந்த நாள் எது, தொரே? அன்றைக்கு நான் உன் பக்கத்தில் இருந்தேனா?