முப்பது டன்னில் நாலாவது ஆள்

அம்பத்தூர்,
8 ஜூன் 2025

அன்புள்ள சிவராமனுக்கு,

சுதா எழுதுவது. நானும் வீட்டில் உள்ளவர்களும் நலம். டொராண்டோவில் நீயும் உன் குடும்பமும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதையெல்லாம் பார்க்கிறாய், பதில் மட்டும் போடுவதில்லை. அதனால் கண்ணுக்கு ஒன்றும் கோளாறில்லை என்று தெரிகிறது. தபால் என்றால் கவரைப் பிரித்தாவது பார்ப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய பழைய கேசட்டை மறுபடி வெளியிட கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஒப்பந்தத்தை இதோடு வைத்திருக்கிறேன். கேசட் அட்டையில் நீ, கஜபதி, நான் என்று மூன்று பேர் இருப்பதால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். உன்னுடையது இருக்கிறது. என்னுடைய இடம் காலி. அது காலியாகவே இருக்கும்.

அந்தக் கம்பெனியின் பையன் ஸ்ரீநாத் போன மாதம் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். நான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன், வரிசையில் நின்று முறை வந்ததும், "முப்பது டன் சுதா மேடம் நீங்கதானே?" என்கிறான். பின்னால் நின்றவர் ஆவடிக்கு ஒரு டிக்கெட் கேட்டு ஜன்னலைத் தட்டுகிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாரும் அப்படிக் கூப்பிட்டு முப்பது வருஷம் ஆகிவிட்டது. டீ குடிக்கப் போனபோது அவனுடைய ஹெட்போனை என் காதில் மாட்டினான். புதிதாகச் சுத்தம் செய்த நம்முடைய மூன்றாவது பாட்டு. உன் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. கஜபதியின் கிதாரில் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்டது. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் ஓடும் பிரஸ் சத்தம் எங்கே என்று கேட்டேன்.

எடுத்துவிட்டோம் மேடம், அது வெறும் இரைச்சல்தானே என்றான். எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சிவராமன் சார்தான் கண்டிப்பாகச் சொன்னார் என்றான். அவனுக்கே மனசில்லையாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகத்தான் கேட்கிறார்களாம்.

இரைச்சலா சிவா? நீ சொல்லு. கள்ளிக்குப்பத்தில் கஜபதி அப்பாவின் வெல்டிங் ஷெட்டில் நாம் வாசிக்க ஆரம்பித்தபோது தெருவே திரண்டு வந்து திட்டியது மறந்துவிட்டதா? பக்கத்து ஷெட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓடும்போது மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்தச் சத்தத்தில் நம் சத்தம் யாருக்கும் கேட்காது. அதனால் பிரஸ் ஓடினால் வாசிப்போம், நின்றால் நிறுத்துவோம். நான் ஸ்கூல் பேண்டில் சைடு டிரம் அடித்துக்கொண்டிருந்தவள், தாளம் பிடித்ததே அந்த பிரஸ்ஸைக் கேட்டுத்தான். அதை ஓட்டியவன் பேரே சின்னப்பையன், மிதியை மிதித்துக்கொண்டே சுவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பான். பாட்டு வேகம் எடுத்தால் அவன் கால் வேகம் எடுக்கும். மிஷின்மேல் பெயின்டில் எழுதியிருந்த 'முப்பது டன்' என்பதைத்தான் நம் குழுவுக்குப் பெயராக வைத்தோம். நம் பேரே அவனுடைய மிஷின் போட்ட பிச்சை.

ஆவடி மைதானத்தில் முதல் கச்சேரி ஞாபகம் இருக்கிறதா? பிரஸ் இல்லாமல் எனக்குத் தாளமே வரவில்லை. முதல் பாட்டிலேயே மூன்று பேரும் மூன்று பக்கம் போனோம். குவார்ட்டர்ஸ் ஜனம் மொத்தமும் விசிலடித்துக் கேலி செய்தது, என் அப்பா தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார். அப்போது கூட்டத்திலிருந்து சின்னப்பையன் மேடைமேல் ஏறினான். யாரும் கூப்பிடவில்லை. மைக் செட்காரரின் இரும்புப் பெட்டியை இழுத்துப் போட்டு, ஒரு சுத்தியலால் அவன் பாட்டுக்கு அடிக்க ஆரம்பித்தான். அதற்கப்புறம்தானே "எங்க ஊட்டு கடியாரம் உங்க சங்குடா" என்று ஃபாக்டரிச் சங்கை வைத்து நீ பாடியபோது மொத்த மைதானமும் கூடவே கத்தியது? மெட்ராஸ் பாஷையில், இந்த ஏரியாவில், அந்த மாதிரி அதற்கு முன்னால் ஒருத்தரும் பாடினதில்லை. நாம்தான் முதல். இதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவன் பேரைக் கேசட் அட்டையில் போடவில்லை நாம். பிரஸ் ஓட்டுகிறவனுக்கு எதற்கு என்று நீ சொன்னாய், நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குமணன்சாவடியில் ஒரு சின்ன மண்டபத்தில் பிள்ளைகளின் கச்சேரி என்று கஜபதி இழுத்துக்கொண்டு போனான். நம்முடைய மூன்றாவது பாட்டை வாசித்தார்கள். டிரம்ஸ் ஒரு பெண், நிஷா என்று பேர். பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து பிரஸ் மாதிரியே அடித்தாள். கேசட்டில் பிரஸ் நிற்கும் அந்த இடம் சரியாக வந்ததும் தகட்டை நிறுத்தினாள், டிரம்ஸ் மட்டும் தனியாகப் போனது. கூட்டம் எழுந்து நின்று ஆடியது. முடிந்தபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த இடத்துல பிரஸ்ஸை நிறுத்தினது யாரோட ஐடியா? செம!" என்று கேட்டாள். நான் கையை உருவிக்கொண்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன்.

யாரோட ஐடியா சிவா? தகட்டுத் துண்டு மிஷினில் சிக்கினால் சின்னப்பையன் எப்போதும் மிஷினை நிறுத்திவிட்டுக் கொக்கிக் கம்பியால்தான் எடுப்பான். அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்றைக்கு, டேப் ஓடுகிறது, எது நடந்தாலும் நடுவில் நிறுத்தாதே என்று சொன்னது நீ. பக்கத்தில் நின்று தலையாட்டியது நான். நமக்காக நிறுத்தாமல் கையை விட்டான். வலது கையில் இரண்டு விரல். பிரஸ் நின்றது எனக்குக் கேட்டது. பெல்ட் நழுவியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாட்டை முடித்தேன். இன்னும் ஒன்றரை நிமிஷம் அடித்தேன் சிவா. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்திக்கொண்டிருந்தான், இந்தப் பக்கம் நான் நன்றாக வாசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது செம என்கிறார்கள்.

நீ அடுத்த வருஷம் விமானம் ஏறிவிட்டாய். அவன் வீட்டுப் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. நான் உன்னைத் திட்டுவதற்கு எழுதவில்லை. நானும் எட்டு மாதம் கழித்துத்தான் போனேன், போகும்போது ஆப்பிள் வாங்கிக்கொண்டு போன வெட்கக்கேட்டை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனால் இதைமட்டும் செய்யாதே. விரலை எடுத்தோம், பேரை எடுத்தோம், இப்போது சத்தத்தையும் எடுத்துவிட்டால் அங்கே யாரும் இருந்ததாகவே இருக்காது. உனக்கு அது கேட்டால் தூக்கம் வராது என்று எனக்குத் தெரியும். வராமல் போகட்டும். எனக்கும்தான் வருவதில்லை.

கஜபதி முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டான். போய் ஒரு பிடி பிடித்தேன். மறுநாளே ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டு, "நைனா, என் கையெய்த்த அட்ச்சிடு" என்று சொல்லிவிட்டான். நீ இப்போது பார்க்கும் காகிதத்தில் அவன் பேர்மேல் கோடு இருப்பது அதனால்தான்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேருமாகச் சின்னப்பையனைப் பார்க்கப் போனோம். அவனும் அவன் மனைவி பொன்னியம்மாவும் இப்போது திருமழிசையில் இருக்கிறார்கள், இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் டிபன் கடை. எல்லாவற்றையும் சொன்னேன், சத்தத்தை எடுக்கச் சொன்னது நீதான் என்பதையும். பொன்னியம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு உன்னைத் திட்டினாள், அதை இங்கே எழுத முடியாது. அவன் மட்டும் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, மூன்று விரல் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னான்: "வெரலு போச்சு தங்கச்சி. சத்தமாச்சும் இருந்துட்டு போவட்டுமே."

அவ்வளவுதான். அதற்குமேல் நான் யாரிடமும் நியாயம் கேட்கப் போவதில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் என் பேருக்குக் கீழே நானே கோடு போட்டு, 'பிரஸ்: சின்னப்பையன்' என்று எழுதியிருக்கிறேன். பிரஸ் சத்தம் ஒரு அடிகூடக் குறையக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். அதன்கீழ் நீ புதிதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நானும் போடுவேன். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போகட்டும், எங்களுக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. திருமழிசையில் கஜபதிக்குத் தெரிந்த பட்டறையில் அதே மாதிரி ஒரு பழைய மிஷின் இருக்கிறது, சின்னப்பையனே ஓட்டுகிறேன் என்கிறான். ஜூலை 6, ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாப் பாட்டையும் மறுபடி பதிவு செய்யப்போகிறோம். என் முட்டி வலியும் கஜபதியின் தொப்பையும் கூட வரும். நீ வராவிட்டால் நானே பாடுவேன். எனக்குச் சுருதி நிற்காது, உனக்குத் தெரியும். நிற்காத சுருதியிலேயே ஊர் முழுக்கப் போட்டுவிடுவேன்.

உன் குரல் கெடாமல் இருக்கட்டும் சிவா. உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். வந்தால் முதலில் என் வீட்டுக்கு வராதே, நேராக அந்த டிபன் கடைக்குப் போ. நாங்கள் கிளம்பும்போது, செவராமன் எப்டிக் கீறான், பாடறானா என்று சின்னப்பையன் உன்னை விசாரித்தான். தெரியாது என்றேன். நான் கடிதம் எழுதப்போவதைச் சொன்னதும் உனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன வர்ச்சொல்லு தங்கச்சி. இந்த தபா துண்டு சிக்குனா நடுவுல நிறுத்துவேன்னு சொல்லு."

இப்படிக்கு,
சுதா
டிரம்ஸ், முப்பது டன்