வலை இழுக்கும் கரையில் தாழை

மூதூர்
ஜூன் 14

அன்புத் தம்பி இக்ராம் அறிய, ராத்தா சுஹைரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு மட்டும் தலையிடி.

கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள வேலையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போகிறாயாம். காலநிலை மாற்றத்துக்கு எந்த அரசாங்கமும் ஒன்றும் செய்யாதாம், கொழும்பில் ஒன்பது வருடம் கதிரை தேய்த்தது போதுமாம். அரசாங்கத்தை ஏசுவதென்றால் வரிசையில் வா. உனக்கு முன்னால் நான் நிற்கிறேன்.

உங்கள் ஆட்கள் எங்கள் கரையில் செய்த கூத்தை நீ கோப்பில்தான் படித்திருப்பாய். கடலரிப்பைத் தடுக்கத் தாழை நட வந்தார்கள். வந்தது டிசம்பரில். வாடைக்காற்றுக்குக் கரைவலை போடாத காலம், கரையில் ஒரு நாய்கூட இல்லை. சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து, வலை இழுப்பவர்கள் கயிற்றோடு பின்பக்கமாக நடக்கும் இடம் முழுக்க நட்டு, பலகையும் வைத்து, படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். நம் ஆட்கள் மட்டும் திறமா? கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாயே திறக்கவில்லை. மார்ச்சில் வலை இறங்கியதும் அறுபது பேரின் காலுக்குள் ஒரு கன்று மிஞ்சவில்லை. வேண்டுமென்றே பிடுங்கியதாக, வலைக்குச் சொந்தக்காரரான உன் மச்சான் ஜவ்பரின் பெயரில் முறைப்பாடு.

நட்ட இடம்தான் பிழை என்று சொல்ல ஏழு தடவை இங்குள்ள உங்கள் அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒரு நாள் ஐயா கூட்டத்தில். ஒரு நாள் ஐயா லீவில். ஒரு நாள் ஐயா இருந்தார், கோப்பு இல்லை. எட்டாம் தடவை றுமானா என்றொரு புது உத்தியோகத்தர் இருந்தாள். "வலையை எப்பிடி இழுக்கிறதெண்டு எனக்குத் தெரியாது, காட்டுவீங்களா?" என்று கேட்டாள். மறுநாள் சுபஹுத் தொழுகை முடியவே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வலை கரையேறும் வரை கயிற்றை விடவில்லை. உள்ளங்கை உரிந்துவிட்டது. பிறகு எல்லோருக்கும் முன்னால், "நாங்கதான் பிழையான இடத்தில நட்டிருக்கிறம்" என்றாள். அரசாங்க ஆள் ஒருவர் தன் பிழையைச் சொல்லி நான் கேட்டது என் நாற்பத்தாறு வயதில் அதுதான் முதல் தடவை. எழுத்தில் தர ஏலுமா என்று மச்சான் கேட்டார். தந்தாள்!

வலைக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் போன ஒக்டோபர் மழையோடு நட்டார்கள். ஆடு கடிக்காமல் வலைக்காரர்களே வேலி போட்டார்கள். போன வாடைக்குத் தாழை நின்ற இடத்தில் மண் அப்படியே நிற்கிறது. வெட்டவெளியில் பன்னிரண்டு அடி போய்விட்டது. கடல் ஏறுவதைத் தாழை நிறுத்திவிடும் என்று சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. அதற்கு உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் சேர வேண்டும். ஆனால் பிழை விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து திருத்தத் தெரிந்தவர்கள் இதற்கு மேலும் செய்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதை உனக்கு எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

தாழை நடும் இரண்டாம் பகுதியின் வரைபடம் உன் மேசையில்தான் இருக்கிறதாம். நீ போனால் அடுத்த ஆள் வர எட்டு மாதமாகும் என்றாள் றுமானா. அதற்குள் மழையும் போய் வாடையும் வந்துவிடும். ராத்தா கேட்கிறாள் என்று கையெழுத்து வைக்காதே. பிழை இருந்தால் திருப்பி அனுப்பு. ஆனால் நீ அங்கே இருந்து அனுப்பு.

வரைபடத்தில் வெறும் இலக்கம்தான் போட்டிருப்பார்கள். அது வாப்பாவை அடக்கிய மையவாடிக்குக் கீழே உள்ள கரை. அவரின் கபுரிலிருந்து கடல் வரை நேற்று மச்சான் அளந்தார். முப்பத்தொரு அடி. உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பொறுமையையும் தரட்டும். ஒக்டோபர் வரையாவது இரு, தம்பி.

உன் ராத்தா,
சுஹைரா