மிச்சம் இருபத்தொன்பது கிலோமீட்டர்

ஆகஸ்ட் 9

என் செல்லக் கண்ணுவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். உன் கால்கள் சுகமா? அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். ஃபோனில் பேசினால் நீ “ம், ம்” என்று வேறு வேலை பார்ப்பாய். கடிதமென்றால் முழுசாகப் படிப்பாய். மலையில் ஒரு வாரம் சிக்னல் கிடைக்காது என்று வேறு சொல்லிவிட்டாய்.

பதினாலாயிரம் அடி உயரத்தில், மூச்சுக்கே பஞ்சமான இடத்தில், நூறு கிலோமீட்டர் ஓட்டம்! நீ ஃபோனில் அனுப்பிய பந்தயப் பக்கத்தில் உன் பெயர் போட்ட நீலப் புள்ளியைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. ஒவ்வொரு முகாமுக்கும் நேரம் குறித்து வைத்தேன். எழுபத்தொன்றாவது கிலோமீட்டர், மாலை 4.11. அங்கே அரை மணி நேரம் அசையாமல் நின்றாய். எனக்கு உயிர் போய்விட்டது. சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. 4.40க்குக் கிளம்பினாய். 5.32க்கு முடிவிடத்தில் இருந்தாய்!

இருபத்தொன்பது கிலோமீட்டர், ஐம்பத்திரண்டு நிமிஷம். மூன்று தடவை கழித்துப் பார்த்துவிட்டேன், தப்பே இல்லை. முதலில் வந்த ஆளுக்கே அந்தத் தூரம் மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கிறது. இது மனுஷக் கால் ஓடிய ஓட்டம் இல்லை. சாமிதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

பிரார்த்தனைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் சேர்ந்து நன்றி சொன்னோம். மருந்துக்கடைக்காரர் உன் படம் கேட்டிருக்கிறார், கடையில் ஒட்டுவாராம்.

உன்னை நினைத்து அப்படியே திகைத்துப் போயிருக்கும்,
அம்மா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அம்மா,

கால்கள் சுகம். இரண்டு நகம் மட்டும் போய்விட்டது.

ஃபோனை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். இதை எழுத்தில்தான் சொல்ல முடியும். என்னைத் தூக்கிக்கொண்டு போனது ஜீப், அம்மா.

எழுபத்தொன்றாவது கிலோமீட்டர் முகாமுக்கு நான்கு மணிக்குள் வரவேண்டும். வராதவர்களை மேலே விடமாட்டார்கள். நான் பதினோரு நிமிஷம் தாமதம். யாருக்கும் உதவப் போய்ப் பிந்தவில்லை, வழியும் தவறவில்லை. மெதுவாக ஓடினேன், அவ்வளவுதான். கழுத்தில் கடிகாரம் மாட்டியிருந்த பெரியவருக்குத்தான் கண் கலங்கிவிட்டது. “மன்னிச்சுக்கம்மா, பதினோரு நிமிஷம்” என்றார். “பதினொண்ணு தானா? போன வருஷம்னா நாப்பதுலயே படுத்திருப்பேன், ஐயா. டீ இருக்கா?” என்றேன். சிரித்துவிட்டார். புள்ளி காட்டும் கருவியைக் கழற்றிக் கொடுக்க மறந்து பையோடு ஜீப்பில் ஏறிவிட்டேன். ஜீப் போனது மலையைச் சுற்றிப் போகும் ரோட்டில். வழியெல்லாம் நானும் இன்னும் மூன்று பேரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.

நீ இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரியாமல் போயிற்று.

உன் மகள்

ஆகஸ்ட் 22

கண்ணுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து தண்ணீர் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும், “ஜீப்பா? நல்லவேளை, நடக்க விடலயே” என்று பேப்பரை விரித்துக்கொண்டார். அந்த மனுஷருக்கு எதுவுமே உறைக்காது.

ஊரைக் கூட்டி நான் சொன்னேனே! நன்றி சொல்லி முடித்த பிரார்த்தனையை எப்படித் திருப்பி வாங்குவது? மருந்துக்கடைச் சுவரில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய், நான் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போகிறேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, நீ பாட்டுப் பாடினேன் என்கிறாயே, அதுதான். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை. தோற்றுவிட்டுச் சிரிப்பவளுக்கு நான் என்ன சொல்ல?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த வருஷம் நீ ஓடி முடிக்கும்வரை இது நமக்குள் இருக்கட்டும். நீயும் யாரிடமும் சொல்லாதே. அம்மாவுக்காக.

அம்மா

ஆகஸ்ட் 29

அன்புள்ள அம்மா,

கோபித்துக்கொள்ளாதே. நான் ஏற்கெனவே வேலை பார்க்கும் லேபில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஜீப் முன்னால் நின்று எடுத்த படம் என் மேஜைமேல் இருக்கிறது.

நீ என்ன சொல்லிக்கொள்கிறாயோ, அது உன் இஷ்டம். ஆனால் ஒன்று. சமையலில் அரை ஸ்பூன் கூடினாலும் குறித்து வைக்கிறவள் நீ. சாமியிடம் மட்டும் தப்புக் கணக்கை விட்டுவைப்பாயா? எழுபத்தொன்று ஓடினேன் அம்மா. அது எனக்குப் போதவில்லைதான். ஆனால் அது என்னுடையது. அந்த இருபத்தொன்பது டிரைவருடையது.

உன் மகள்

செப்டம்பர் 6

என் கண்ணுவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். நான்காம் நாள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். “அது ஜீப்” என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. முன்வரிசைத் தையல்கார அக்காதான் வாயைத் திறந்தாள்.

“அப்போ எழுபத்தொண்ணு அவ கால்லயே ஓடினாளா?”

“ஆமா.”

“அந்த ஒசரத்துலயா? எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. எழுபத்தொண்ணுக்குத்தான் நன்றி சொன்னோம்னு வெச்சுக்குவோம். மிச்சம் சாமிகிட்ட முன்பணமா இருக்கட்டும்.”

அவ்வளவுதான். எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த பிரார்த்தனைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவுதானா என்று எனக்குத் தலை சுற்றியது. இதற்காகவா நான் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்? இதற்காகவா இத்தனை வருஷம்?

வீட்டுக்கு வந்து சாமி படத்தின் பின்பக்க அட்டையைப் பிரித்து ஒரு தாளை எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். நீ ஏழாம் வகுப்பு படித்தபோது நான் வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டினேனே, ஞாபகமிருக்கிறதா? கணக்குப் பரீட்சை அன்று வயிற்றுவலி, போகவில்லை என்று உன்னிடமும் அப்பாவிடமும் சொன்னேன். போனேன், கண்ணு. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினேன். பாஸாக முப்பத்தைந்து வேண்டும், முப்பத்தொன்று வந்தது. கணக்கில்! அன்றிலிருந்துதான் எதையும் மூன்று தடவை சரிபார்க்கிறேன்.

இந்த மதிப்பெண் தாள் பதினெட்டு வருஷமாகச் சாமிக்கு மட்டும் தெரியும். அப்பாவிடம் இன்று காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “முப்பத்தொண்ணு எடுத்தியா?” என்றார். “எடுத்தேன்” என்றேன்.

படித்துவிட்டு ஆறுதல் ஒன்றும் எழுதாதே. சிரிப்பதானால், அந்த ஜீப்பில் சிரித்தாயே, அப்படிச் சிரி.

முப்பத்தொன்று எடுத்த,
உன் அம்மா