உன் பேர் வெட்டிய தட்டு

கூடத்தில் சுருட்டி வைத்திருக்கும் ஃபிளெக்ஸிலிருந்து புது மை நாற்றம் அடிக்கிறது. உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி. போராட்டக் குழுச் செயலாளர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். நாளை பெங்களூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலில் கட்ட வேண்டுமாம். பிரித்துப் பார்த்தேன். உன் முகத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: "சைனைடு மேட்டுத் தூசிக்குப் பலியானவர்." படத்தில் சிரிக்கிறாய். எனக்கு அழுகை வரவில்லை. நீ போன நாளிலிருந்தே வரவில்லை. சோறு வடிக்கிறேன், ரயிலேறி வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான்.

காற்றுக் காலம் தொடங்கிவிட்டது, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் சைனைடு கழிவு மேட்டிலிருந்து தூசி பறக்கிறது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோரும் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிவிட்டார்கள். இந்தத் தூசிக்காகச் சிநேகிதிகள் நாம் இருவரும் கோலாருக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சமா? நீ பேசுவாய், நான் மனு எழுதுவேன்.

பேசுவது என்றால், எங்கே பேசினாய்? யார் விசாரிக்க வந்தாலும், உன் கல்யாணத்துக்கு வந்த, உன் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து வாசல் கட்டைச்சுவர்மேல் வைப்பாய். "குந்துங்க சார், டீ குடிங்க." டீ முடிவதற்குள் தட்டு மங்கியிருக்கும். விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டுவாய். ஒரு போட்டோக்காரன், படத்தில் எடுப்பாகத் தெரியவில்லை, மேட்டிலிருந்து ஒரு பிடி அள்ளித் தூவலாமா என்று கேட்டான். நீ தட்டை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாய்.

"இன்னாத்துக்கு? வுழுந்தது போதும். அள்ளிப் போட்டது தெரிஞ்சா, தானா வுழுந்ததையும் நம்ப மாட்டானுங்க. கெளம்புங்க."

அவன் போனான், படமும் வரவில்லை. அந்தக் கோபத்தில் உன்னோடு சில நாள் நான் பேசவில்லை.

கடைசியாகக் கோலார் ஆஸ்பத்திரியில் உன் காலில் பெரிய கட்டு. சுகர் புண். மாத்திரையை நீயே நிறுத்தியிருந்தாய், கால் மரத்துப்போனதையும் சொல்லவில்லை. "கூட்டம் கூட்டம்னு ஓடி கால மறந்துட்டேன்டி" என்று சிரித்தாய். பிறகு என் கையைப் பிடித்தாய். "என்னையும் தூசிக் கணக்குல ஏத்துவானுங்க. வுடாத. செத்தவங்கள வுடு, இருக்கறவங்க இருமறத எழுது."

ஃபிளெக்ஸைப் பார்த்ததும் செயலாளருக்கு போன் போட்டேன். "சுகருல போனாங்கன்னு போட்டா எவன் வருவான்? ஒரு வரிதானம்மா" என்றார். கெட்டவரில்லை. அவர் பேத்தி மூச்சுக்குத் திணறுவதை நானே பார்த்திருக்கிறேன். தூசி பொய்யில்லை. நீ அதில் சாகவில்லை. போனை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலால் அந்த வரியை வெட்டி எடுத்தேன்.

நேற்று இந்தக் கடிதத்தைப் பாதியில் வைத்துவிட்டேன். இன்று வந்தது ஒரே ஒரு பத்திரிகைக்காரி, சின்னப் பெண். உன் படத்தைக் காட்டி, "ஆன்ட்டி, இவங்க தூசியாலதானே இறந்தாங்க?" என்று கேட்டாள். செயலாளர் என் முகத்தையே பார்த்தார்.

"இல்லம்மா. சுகரு."

அவள் பேனாவை மூடிவிட்டாள். இத்தனை பாடும் என் ஒரு வார்த்தையில் போச்சே என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் அவளை உன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். உன் மகளிடம் தட்டைக் கேட்டு வாங்கினேன். "இனிமே நீங்களே வெச்சிக்கோங்க பெரியம்மா" என்றாள். கழுவித் துடைத்துக் கட்டைச்சுவர்மேல் வைத்தேன். "குந்தும்மா, டீ குடி."

டீ முடிந்தது. கோடு இழுத்தேன். அந்தப் பெண் தன் விரலாலும் ஒரு கோடு இழுத்து, விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "எம் பேத்தி இருமறா. வந்து பாக்கறீங்களா?" என்றார். அவள் எழுந்து அவர் பின்னால் போனாள்.

தட்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினேன். பளிச்சென்று ஆகிவிட்டது, உன் பேர் வெட்டிய எழுத்துகளுக்குள் புகுந்த தூசியைத் தவிர. வாசலில் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எடுத்தேன். கடைசி எழுத்துக்கு வந்தபோதுதான்டி எனக்கு அழுகை வந்தது.