கனி வைக்க மாட்டேன்

மார்ச் 24, திங்கள்

காலையிலேயே பகவதி மதினியின் போன். இவருடைய அக்காள். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "ஷைஜா எப்பம் போறா?" என்றார்.

பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் மகளைப் பற்றி இப்படிக் கேட்டால் ஒரு தாய் என்ன பதில் சொல்வாள்? "அடுப்புல பால் கிடக்கு மதினி" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மார்ச் 26, புதன்

கிணற்றடிக் கொன்றை பூத்துவிட்டது. வருசப் பிறப்பன்று விடியலில் கண் விழித்ததும் பார்க்கிற மங்கலப் பொருள்களோடு, கனியில், வைக்கிற பூ. வழக்கமாக அதைப் பார்த்தால் சந்தோஷம் வரும். இந்த வருஷம் எரிச்சல்தான் வருகிறது.

மார்ச் 30, ஞாயிறு

மதினி நேரிலேயே வந்துவிட்டார். சோறு உண்டு, வெற்றிலை போட்டு, ஷைஜா மாடிக்குப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி வசந்தா, நான் சொல்லுகேன்னு ஒண்ணும் நினைக்காத. ரேஷ்மா வயித்துப் பிள்ளைக்காரி. வருசப் பிறப்பு அன்னைக்குக் கனி காணப்பட்ட நேரத்துல, மாப்பிள்ளைகூட வாழாம வந்து இருக்கப்பட்டவ முகத்துல முழிச்சா நல்லதா? ஒரு நாளு எங்கயாவது மாத்தி நிறுத்து."

ரேஷ்மா என் மருமகள். மகன் விபின் மஸ்கட்டில் இருக்கிறான். அவள் பிரசவத்துக்கு இங்கேதான் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் பேரைச் சொல்லித்தான் இந்த நாடகம். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள், போனைப் பார்த்துக்கொண்டே. அதைக் கொஞ்சம் தலை நிமிர்த்திச் சொன்னால் என்னவாம்?

நான் என்ன செய்தேன்? வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். பதிலை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 31, திங்கள்

நேற்றுச் சொல்லாததை இங்கேயாவது சொல்கிறேன்.

அந்த மார்த்தாண்டத்துக்காரனை இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தது யார்? பகவதி மதினி. "தங்கமான பையன், குடி கிடையாது, சிகரெட் கிடையாது" என்றார். உண்மைதான், குடிக்கவில்லை. குடிக்காமலே அடித்தான். அதுவும் எப்படி? விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மீன்கறியில் உப்பு கூடிப்போயிற்று என்று கன்னத்தில். மறுநாள் அவன் அம்மா இவளையே மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். என் மகள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருடைய காயத்துக்குக் கட்டுப் போட்டவள், வீங்கின கன்னத்தோடு பஸ் ஏறி வந்தாள்.

அடித்தவன் வீட்டில் வருசப் பிறப்புக்குப் பாயசம் வைப்பார்கள். அவன் முகத்தில் எல்லோரும் முழிப்பார்கள். அதில் ஒரு தோஷமும் இல்லை. அடி வாங்கினவள் முகத்தில் மட்டும் தோஷம்! இதற்குப் பேர் நம்ம பழக்கவழக்கம், பண்பாடு. யார் வீட்டுப் பண்பாடு இது?

ஏப்ரல் 3, வியாழன்

இவர் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று அலைகிறார். என் மனம் மட்டும் அந்தக் கணக்கில் வராது. இன்று காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்:

"ஒரே ஒரு நாளு. ஞாயித்துக்கிழமை நெய்யூர்ல உன் தங்கச்சி வீட்டுல கொண்டு விட்டுட்டு, திங்கக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வந்துருவேன். ஷைஜாவுக்கும் ஒரு மாற்றமா இருக்கும்."

மாற்றமாம்! திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போகிற மாதிரி சொல்கிறார்.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியவில்லை. "என் பிள்ளை இந்த வீட்டுல நிக்கப்பிடாதுன்னா, இந்த வருசம் இந்த வீட்டுல கனியும் கிடையாது. நான் வைக்க மாட்டேன்! உங்க அக்கா வந்து வைக்கட்டு!" என்றேன். ரேஷ்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

சொன்னது சொன்னதுதான்.

ஏப்ரல் 4, வெள்ளி

யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இந்த வீட்டில் கனி வைப்பது நான். வெண்கல உருளியைத் தேய்த்து, அரிசி பரப்பி, கனிவெள்ளரி, மாங்காய், பலா, கொன்றைப்பூ, கண்ணாடி, நகை, புதுத்துணி எல்லாம் அடுக்கி, விடியும் முன்னே எழுந்து விளக்கேற்றி, ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து காட்டுவதும் நான். அவர்கள் கண் திறந்ததும் முகம் மலரும். நல்லதில் முழித்தாயிற்று என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

என் கண்ணை யார் பொத்தினார்கள்? வைத்தவளுக்கு ஏது கனி? அவள் பார்ப்பதெல்லாம் அரிசி சிந்தியிருக்கிறதா, திரி நேராக இருக்கிறதா, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. எனக்கே நேற்றுக் கத்தின பிறகுதான் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

"வசந்தா, உருளி எங்க இருக்கு?"

"தெரியாது."

இவர் பரண் மேல் ஏறித் தேடினார். இட்லிக் கொப்பரையை எடுத்துக்கொண்டு இறங்கினார். சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஷைஜாவுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. ராத்திரி சாப்பிடும்போது, "நான் சித்தி வீட்டுக்குப் போறேம்மா. எனக்காக நீ எதுக்கு எல்லார்ட்டயும் சண்டை போடுக?" என்றாள்.

இதுதான் என்னை உடைத்துவிட்டது. மதினி சொன்னதுகூட இப்படி வலிக்கவில்லை. "உனக்காக இல்லட்டி, எனக்காக்கும்!" என்றேன். அவள் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அடி வாங்கினபோது வெளியே வரத் தெரிந்தவள், இங்கே போகச் சொன்னால் பையைத் தூக்குகிறாளே! அந்நியன் அடித்தால் எதிர்க்கலாம், சொந்தக்காரர் தள்ளினால் நகர்ந்துகொள்ள வேண்டும் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நானா?

இன்று ஒரு தடவை நகர்ந்தால் இனி ஒவ்வொரு நல்ல நாளுக்கும் நகர்த்துவார்கள். ரேஷ்மாவின் வளைகாப்புக்கு, பிள்ளை பிறந்தால் பேரிடுவதற்கு, எல்லாவற்றுக்கும். என் மகள் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவாள்.

ஏப்ரல் 12, சனி

மதினி வந்தாயிற்று. வருஷா வருஷம் கனி காணப் பிறந்த வீட்டுக்குத்தான் வருவார். "யாரு வைக்கப்போறது?" என்று கேட்டார். "நீங்க வையுங்க" என்றேன். "எனக்குக் கால் முட்டு மடங்காதுல்லா" என்றார். ரேஷ்மா குனியக் கூடாது. இவருக்கு உருளிக்கும் கொப்பரைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆக, இந்த வீட்டில் கனி கிடையாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஸ்கூட்டர் சத்தம். வாசலுக்கு ஓடினேன். ஷைஜா பையோடு இவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டினாள். மதினி கூடத்தில் இருந்துகொண்டு, "போகட்டு, நல்ல பிள்ளையாக்கும், சொன்னாக் கேப்பா" என்றார். நல்ல பிள்ளை! சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தேன்.

பதினொரு மணி இருக்கும். மறுபடி ஸ்கூட்டர் சத்தம். இரண்டு பேரும் திரும்பி வந்திருக்கிறார்கள்! பையும் வந்திருக்கிறது.

"என்னலே, திரும்பிட்ட?" — மதினி.

"டயர்ல காத்து இல்ல அக்கா" என்றார் இவர். அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்னால் போய் டயரை அமுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் திங்கள்சந்தைக் கடைப் பை. உள்ளே மஞ்சளாக, உருண்டு திரண்டு ஒரு கனிவெள்ளரி. திங்கள்சந்தை தாண்டினால் நெய்யூர். அதைத் தாண்டவில்லை போலிருக்கிறது. வழியில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல்ல" என்றார். "அழுதாளா?" என்றேன். "அவ அழல்ல" என்றார். 'அவ' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது.

மனம் இளகியது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: "பத்து வெள்ளரிக்கா கொண்டுவந்தாலும் நான் வைக்க மாட்டேன்." ஷைஜா சிரித்தாள். மாசியில் அவள் திரும்பி வந்த பிறகு இன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

சீக்கிரம் படுக்கப்போகிறேன். நாளை விடியும் முன்னே எழ வேண்டிய வேலை எனக்கு இல்லை.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

தூக்கத்திலேயே ஒரு கை என் கண்ணைப் பொத்தியது.

"முழிக்காத. எழும்பி நட." ஷைஜா. "படி இருக்கு. காலைத் தூக்கு. இன்னும் கொஞ்சம்." சாம்பிராணி வாசம். எங்கோ தீப்பெட்டி உரசும் சத்தம். இவராகத்தான் இருக்கும், நாலு குச்சி வீணாக்கினார். என் வீட்டுக் கூடம் எனக்கு அளவு தெரியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவள் மேல் சாய்ந்து நடந்தேன்.

கை எடுத்தாள். திறந்தேன்.

வெளிச்சம். வெள்ளரியும் மாங்காயும் அந்த வெளிச்சத்தில் அப்படி மினுங்கும் என்று எனக்குத் தெரியாது. உருளி கிடைக்கவில்லையாம், இட்லிக் கொப்பரையில்தான் வைத்திருந்தாள். அரிசி சிந்தியிருந்தது. திரி கோணலாக இருந்தது. கண்ணாடியில் தலை கலைந்த ஒரு பொம்பளை, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். நான்தான். அழுதேன். வெட்கமில்லை.

அடுத்து ரேஷ்மா. "அண்ணி, மெதுவா" என்று இரண்டு கையாலும் ஷைஜாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கண்டதும், "விபினுக்கு இப்பமே போட்டோ அனுப்பணும்" என்றாள். அந்தப் போனை இன்று மன்னித்துவிட்டேன்.

பிறகு மதினி. ஷைஜாவின் கைக்குள் கண்ணை மூடிக்கொண்டு தத்தித் தத்தி வருகிறார். "வசந்தா, மெதுவாக் கொண்டு போ, ஏட்டி, கால் தட்டும். பிடிவாதத்த விட்டுட்டியே, அது போதும்" என்கிறார். நான் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கை விலகியது. கண்ணாடியில் மதினியின் முகம். அதற்குப் பின்னால் ஷைஜாவின் முகம்.

மதினி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இவர் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அவதான் வச்சா அக்கா. நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார். மதினி கத்தப்போகிறார் என்று நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தயாரானேன்.

மதினி குனிந்து ஒரு கொன்றைக் கொத்தைத் தொட்டுப் பார்த்தார். "முந்தின நாளு பறிச்சா இப்பிடித்தான் வாடித் தொங்கும்" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "அடுத்த வருசம் விடியக்காலம் பறிச்சு வை, பிள்ளே."

என்ன சொன்னோம் என்று மதினிக்கே தெரிந்திருக்காது. ஷைஜாவுக்குத் தெரிந்தது. "சரி அத்தை" என்றாள்.

அடுத்த வருஷமும் நான் வைக்க மாட்டேன்.